ஓய்வு பெறும் தேதி

சேனையில் உத்தியோக உயர்வைத் தீர்மானிப்பது திறமை ஒன்றே என்று ஜனங்கள் நம்புகிறார்கள். உச்சிப் படியை நெருங்கியதும் ஒருவர் பிறந்த தேதியும் அதற்குச் சமமான தகுதியாகிவிடுகிறது. நமது ராணுவத்தில் பொதுவாகக் கர்னல் 54 வயதிலும், பிரிகேடியர் 56-இலும், மேஜர் ஜெனரல் 58-இலும், லெப்டினன்ட் ஜெனரல் 60-இலும் ஓய்வு பெறவேண்டும். தலைமைத் தளபதிக்கு மூன்று வருஷம் அல்லது 62 வயது, இவற்றில் எது முந்துகிறதோ அதுவே எல்லை. ஆகவே மேலேயிருப்பவர் சிறிது காலம் அதிகமாகப் பதவியிலிருந்தால், அடுத்து நிற்பவரின் வாய்ப்பு அடியோடு மறைந்துபோகும்.

லெப்டினன்ட் ஜெனரல் பிரேமிந்திர சிங் பகத்தின் கதை இதுதான். 1941-இல் அபிஸீனியாவில் கண்ணிவெடிகளை அகற்றி விக்டோரியா கிராஸ் பெற்ற வீரர் அவர். ஜெனரல் பேவூருக்குப்பின் அவரே தலைமைத் தளபதியாவார் என்று சேனை எதிர்பார்த்திருந்தது. சர்க்கார் பேவூரின் காலத்தை நீட்டித்தது. 1974-இல் பகத்தின் ஓய்வுத் தேதி வந்துவிட்டது. அவர் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பொரேஷனின் தலைவராகச் சென்றார். 1975 மே மாதத்தில், பேவூர் ஓய்வு பெறுவதற்குச் சில தினங்களுக்கு முன்பு, காலமாகியும்விட்டார்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகும் வழக்கம் மாறவில்லை. 2024 மே 31-இல் ஓய்வு பெறவேண்டிய ஜெனரல் மனோஜ் பாண்டேக்கு, மே 26-ஆம் தேதி ஒரு மாத நீட்டிப்புக் கிடைத்தது. அடுத்த நிலையிலிருந்த மூத்த லெப்டினன்ட் ஜெனரல்கள் இருவருக்குமே ஜூன் 30 தான் ஓய்வு நாள். ஜூன் 11-இல் அவர்களுள் உபேந்திர துவிவேதி தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டார். மற்றவர் ஓய்வு பெற்றார். நியமனத்தின்மீது நமக்குக் குறையில்லை. தேர்தல் நடந்துகொண்டிருந்த சமயம் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் ஓய்வு நாள் எந்தத் தேதி என்பது முன்னரே தெரிந்ததுதானே! கடைசி ஐந்து நாள் வரை காத்திருப்பானேன்?

தளபதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஜனங்களின் சர்க்காருக்கே உரியது. மூப்பு ஒன்றையே தெய்வமாக வழிபட வேண்டுமென்று நாம் வாதிக்கவில்லை. 1983-இல் சின்ஹாவும், 2016-இல் பக்ஷியும் ஹாரிஸும் தாண்டப்பட்டதை இந்த உரிமையைக்கொண்டே சர்க்கார் செய்தது. ஆனால் உரிமை வேறு, மௌனம் வேறு. உயர்வுகளைப் பற்றி மந்திரி கிருஷ்ண மேனனுடன் பிணங்கி, 1959-இல் ஜெனரல் திம்மய்யா ராஜிநாமாக் கடிதம் கொடுத்தார். பின்னர் அதைத் திரும்பப் பெற்றார். படை நடத்திய அனுபவம் மிகக் குறைந்த கௌல், 1962-இல் வடகிழக்கு எல்லையில் ஒரு சேனைப் பிரிவுக்கே தலைமை வகித்தார். அங்கு நேர்ந்த தோல்வியை நாடு அறியும்.

நாம் கேட்பது அதிகமன்று. யுத்த காலம் தவிர மற்றச் சமயங்களில் பதவி நீட்டிப்பு கூடாது. புதிய தளபதியின் பெயர் மூன்று மாதத்துக்கு முன்பே வெளியாக வேண்டும். மூத்தவரைத் தாண்டினால், அதன் காரணம் எழுத்தில் இருக்கவேண்டும். பாதுகாப்புக்கான பார்லிமெண்ட் நிலைக்குழு இவ்விஷயத்தை இனியும் தாமதியாமல் எடுத்துக்கொள்ளவேண்டும்.