கடலுக்கு வரும் குறுஞ்செய்தி... கரையில் நமக்கென்ன வேலை?



முதலில் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஜியோகேச்சிங் என்று பெயர். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் புதையல் தேடுறது. ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்காவது மறைத்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் எல்லோருக்கும் அறிவிப்பார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு தேடிப் போவார்கள். டப்பாவுக்குள் இருக்கும் நோட்டில் பெயரை எழுதிவிட்டு, டப்பாவை அதே இடத்தில் வைத்துவிட்டுத் திரும்புவார்கள். அவ்வளவுதான்!

பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. 2000 மே 2ஆம் தேதி அதை நிறுத்தியது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை மறைத்து வைத்து எண்களை அறிவித்தார். விளையாட்டு பிறந்துவிட்டது! பிறகு, பக்கத்தில் புதிய டப்பா வைத்தவுடன் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும்படி சிலர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். எதற்கு? 'முதலில் கண்டுபிடித்தவர்' என்ற பெயருக்காக!

"சரிதான், இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது நண்பர்களே. ஒரு இடத்தின் எண்களைச் செல்போனில் வாங்கி, அந்த இடத்தைத் தேடிப் போவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. நம் கரையில் அது சோறு. சில நாட்களில் அது உயிர்.

செய்தி அனுப்பும் கருவிகள் இன்று எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் வந்த செய்தியைப் படித்து, சரியாகப் புரிந்துகொண்டு, படகில் போகிறவருக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இல்லையென்றால் அது போனுக்குள்ளேயே கிடந்து வீணாகிவிடும். அந்த ஆள் நாம்தான் என்பது என் கருத்து.

கோபுரமே அடையாளம்

நம் மாவட்டத்துக் கொற்கை ஒரு காலத்தில் பாண்டியரின் துறைமுகம். கடல் விலகிப்போய், இன்று ஏரல் பக்கம் உள்ளே தள்ளி நிற்கிறது. அந்தப் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோனது முத்து. முத்துச்சிப்பி கிடக்கிற கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்கிறோம். தண்ணீருக்கு அடியில் இருக்கிற பாரைக் கண்ணால் பார்க்க முடியுமா? முடியாது. பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கரையைப் பார்த்துத்தான்! ஒரு கோபுரமும் ஒரு பனையும் ஒரே நேர்கோட்டில் வரும்படி படகை நிறுத்துவார்கள். இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்களை அதேபோல் சேர்ப்பார்கள். இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் தேடிய இடம். திருச்செந்தூர்க் கோபுரமும், மணப்பாட்டுக் குன்றின் மேல் நிற்கிற சிலுவைக் கோவிலும், தூத்துக்குடி பனிமய மாதா கோவிலும் சாமி கும்பிடுவதற்கு மட்டும் அல்ல, கடலில் வழி பார்ப்பதற்கும்தான். சிவில் பிரிவு நண்பர்கள் பிளேன் டேபிள் சர்வேயில் ரிசெக்ஷன் என்று படிக்கிறார்களே, கிட்டத்தட்ட அதே கணக்கு. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள் போட்ட கணக்கு இது!

இடத்தை அறிவிப்பதும் நமக்குப் புதிது இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்துக்கு மதிப்புப் போட்ட பிறகுதான் முத்துக்குளிப்பை அறிவிப்பார்கள். எடுத்த சிப்பியில் அரசுக்கு இரண்டு பங்கு, குளித்தவருக்கு ஒரு பங்கு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது.

வானத்திலிருந்து ஒரு தகவல்

இன்று அறிவிப்பு வானத்திலிருந்து வருகிறது. ஹைதராபாத்தில் 1999இல் தொடங்கப்பட்ட இன்காய்ஸ் என்ற இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதைச் செய்கிறது. செயற்கைக்கோள் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது. ஒன்று, கடல் மேற்பரப்பின் வெப்பம். இன்னொன்று, தண்ணீரின் நிறம். பச்சையம் உள்ள நுண்ணுயிர்ப் பாசி எங்கே அதிகமோ அங்கே சின்ன மீன் வரும். சின்ன மீன் வருகிற இடத்துக்குப் பெரிய மீன் வரும். வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கிற ஓரங்களில் இந்த இரை சேரும். அதைக் கணக்கிட்டு 'மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதி' என்று அறிவிக்கிறார்கள்.

அந்தச் செய்தியில் என்ன இருக்கும்? எந்த ஊர்க் கரையிலிருந்து, எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டர் தூரத்தில், எத்தனை மீட்டர் ஆழத்தில் என்று இருக்கும். கூடவே அட்சரேகை, தீர்க்கரேகை. புதையல் விளையாட்டுக்கு வருகிற செய்தி மாதிரியேதான்! எண்ணைப் பதிவு செய்தவர்களுக்குக் குறுஞ்செய்தியாக வரும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்கென்றே உருவாக்கிய செல்போன் செயலியிலும் இந்தத் தகவலோடு அலை உயரம், காற்று வேகம், எல்லைக்கோட்டு எச்சரிக்கை எல்லாம் தமிழிலேயே கிடைக்கும்.

எங்கள் அப்பா நாட்டுப்படகில் தொழில் செய்கிறார்கள். கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். "ஏம்மா, போன்ல என்ன போட்டிருக்கு? எத்தனை பாகம் தண்ணி?" என்று கேட்பார்கள். நான் மீட்டரைப் பாகத்துக்கு மாற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பாகம் என்பது ஏறக்குறைய 1.8 மீட்டர். செய்தி '36 மீட்டர்' என்கிறது. அப்பாவுக்கு '20 பாகம்' என்றால்தான் அந்த இடம் மனதில் வரும். இந்தச் சின்ன வகுத்தலைச் செய்ய ஆளில்லாத வீடுகள் எத்தனை!

ஒரு புள்ளியால் 20 மைல்

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நாமே கவனிக்காமல் விடுவோம். செய்தியில் '8.50' என்று வந்தால் அது எட்டரை பாகை, அதாவது 8 பாகை 30 நிமிடம். ஆனால் படகில் இருக்கிற ஜி.பி.எஸ். பெரும்பாலும் பாகை, நிமிடக் கணக்கில் வைக்கப்பட்டிருக்கும். பார்க்கிறவர் 8 பாகை 50 நிமிடம் என்று போட்டுவிட்டால்? வித்தியாசம் 20 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்றால் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். ஆக 20 கடல் மைல், 37 கிலோமீட்டர் தப்பு!

நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். திருச்செந்தூருக்கு நேரே போக வேண்டிய படகு, தூத்துக்குடியையும் தாண்டித் தருவைகுளம் பக்கம் போய் நிற்கும். ஒரு நாள் எண்ணெய்ச் செலவு தண்ணீரில் போச்சு. இதே தப்பு தீர்க்கரேகையில் நடந்தால் இன்னும் மோசம். மன்னார் வளைகுடாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே 1976 ஒப்பந்தப்படி எல்லைக்கோடு இருக்கிறது. கிழக்கே 37 கிலோமீட்டர் கூடப் போனால் எங்கே போய் மாட்டுவோம் என்று சொல்லத் தேவையில்லை. கருவியை விற்கிறவர் பட்டனைக் காட்டிக் கொடுப்பார். பாகைக்கும் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை யார் சொல்லித் தருவார்?

'போ' என்பதைவிட 'போகாதே'

மீன் எங்கே என்று சொல்கிற செய்தி தவறினால் ஒரு நாள் வருமானம் போகும். புயல் செய்தி தவறினால்? 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிமுனை அருகே கடந்து போனது. சில நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் சிக்னல் கிடையாதே! நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தார்கள், காணாமல் போனார்கள்.

அதற்குப் பிறகு, 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவியை மத்திய அரசு அறிமுகப்படுத்தியது. ககன் அமைப்பின் செயற்கைக்கோளிலிருந்து செய்தியை வாங்கி, புளூடூத் வழியாகப் படகில் உள்ள போனுக்குக் கொடுக்கும். ஆனால் செய்தியை வாங்க மட்டும்தான் முடியும், திருப்பி அனுப்ப முடியாது. இரண்டு பக்கமும் செய்தி போய்வரும்படி, ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. நல்ல காரியங்கள்தான். வரவேற்போம்!

ஆனால் கரையிலேயே சிக்னல் போனால்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யார் மறப்போம்? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை! ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நடுவழியில் நின்றது. கொற்கையைச் சுற்றியுள்ள ஏரல் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. பல ஊர்களில் மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை. கையில் இருந்த போன் வெறும் டப்பா ஆகிவிட்டது.

நல்லவாடு சொல்லும் பாடம்

2004 டிசம்பர் 26, சுனாமி நாள். புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு என்ற மீனவ கிராமம். அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். நிலநடுக்கச் செய்தி கேட்டவுடன் வீட்டுக்குப் போன் போட்டார். செய்தி வீட்டோடு நிற்கவில்லை. கடல் நிலையை அறிவிப்பதற்காக ஊரில் வைத்திருந்த ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். ஊரே ஓடித் தப்பியது.

அங்கே என்ன பெரிய கருவி இருந்தது? ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி. கேட்ட செய்தியை ஊருக்குச் சொல்ல ஓடிய மனிதர்கள். போன் ஒருவர் காதுக்குச் சொன்னதை ஒலிபெருக்கி ஊருக்கே சொன்னது. இன்று ஆளாளுக்கு ஒரு போன் இருக்கிறது என்பதற்காக ஒலிபெருக்கியை மூட்டை கட்டி வைத்துவிட்டோமா என்று யோசித்துப் பாருங்கள்.

சிலர் கேட்பார்கள்

"எங்க தாத்தா காலத்துல போனா வச்சு மீன் பிடிச்சாங்க? வாடை, கொண்டல், கச்சான்னு காத்தைப் பாத்தே சொல்லிருவாங்களே!" நியாயமான பேச்சுதான். செயற்கைக்கோள் கடலின் மேற்பரப்பைத்தான் பார்க்கிறது. அடியில் பார் இருக்கிறதா, வலை கிழியுமா என்று அதற்குத் தெரியாது. அது அப்பாவுக்குத்தான் தெரியும். ஆகவே ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் பிடிப்போம் என்கிறேன்.

"செய்தி எல்லோருக்கும் போகுது, பெரிய படகு முதல்ல போய் அள்ளிரும், நாட்டுப்படகுக்கு என்ன மிஞ்சும்?" இதுவும் உண்மை. புதையல் விளையாட்டில் டப்பாவைத் திருப்பி வைக்கிறார்கள். கடலில் யார் திருப்பி வைக்கிறார்கள்? அதனால்தான் சொல்கிறேன், சின்னப் படகுக்காரருக்கு மீன் செய்தியைவிடக் காற்று, அலைச் செய்தி முக்கியம். அதில் முந்திப் போய் அள்ள யாராலும் முடியாது. எல்லோரும் உயிரோடு திரும்பலாம்.

"கடலுக்குப் போகாத பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றும் கேட்கிறார்கள். கடலுக்குப் போனவர் வரும்வரை கரையில் விழித்திருப்பது யார்? அவர்களுக்குத்தான் இது முதலில் தெரிய வேண்டும்!

செய்வோமா?

நம் பேரவைக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். ஊருக்கு இரண்டு பேர் முன்வருவோம். முதலாவது, நம் தெருவில் தொழிலுக்குப் போகிறவர்களின் எண்களைக் குறுஞ்செய்தி சேவையில் பதிவு செய்து கொடுப்போம். இரண்டாவது, படகில் உள்ள ஜி.பி.எஸ். எந்தக் கணக்கில் இருக்கிறது என்று பார்த்து, பாகை நிமிடத்தைப் புரிய வைப்போம். மூன்றாவது, தினமும் சாயங்காலம் அலை உயரத்தையும் காற்றையும் ஏலக்கூடத்துப் பலகையில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதுவோம். ஆழத்தைப் பாகத்தில் எழுதுவோம். கோவிலிலோ ஊர்க் கமிட்டியிலோ உள்ள ஒலிபெருக்கியில் எச்சரிக்கையைச் சொல்ல அனுமதி கேட்போம். மின்சாரம் இல்லாத நாளுக்கு ஒரு பேட்டரியும் தயாராக இருக்கட்டும். அதைச் சார்ஜில் வைக்க எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்குத் தெரியாதா என்ன?

அரசிடம் கேட்க வேண்டியதையும் கேட்போம். எழுத்தாக மட்டும் அனுப்பாமல், படிக்கத் தெரியாதவருக்கும் கேட்கும்படி தமிழ்க் குரலில் எல்லா ஊருக்கும் அனுப்புங்கள் என்று கேட்போம்.

டிப்ளமோ முடித்து நாம் சென்னைக்கோ துபாய்க்கோ போகலாம். தப்பில்லை. ஆனால் நம்மைப் படிக்க வைத்த காசு உப்புத் தண்ணீரிலிருந்து வந்தது நண்பர்களே. அந்தத் தண்ணீருக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்தியைச் சரியாகப் படித்துச் சொல்ல மூன்று வருடப் படிப்பு தேவையில்லை, பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை இந்த வாரமே ஒதுக்குவோம்!

— மாணவி, மூன்றாம் ஆண்டு,
மின்னணு மற்றும் தகவல் தொடர்பியல்