சாரத்தின் மேல் ஒரு கேமரா

தொழிற்சங்கம் சினிமா எடுத்தால் கொடியும் கோஷமும்தான் மிஞ்சும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய பிரெஞ்சுப் படத்தைச் சிபாரிசு செய்யலாம். 'லே பாட்டிஸேர்': கட்டுகிறவர்கள் என்று அர்த்தம். 1938-ல் சி.ஜி.டி. தொழிற்சங்கத்தின் கட்டடத் தொழிலாளர் சம்மேளனத்துக்காக ஜான் எப்ஸ்டைன் இயக்கிய ஆவணப் படம். சார்த்ர் தேவாலயத்தில் சாரத்தின் மேல் வேலை செய்யும் தொழிலாளர்களிடம் ஆரம்பித்து, கட்டடக் கலையின் சரித்திரத்துக்குள் படம் நுழைகிறது. ஒகுஸ்த் பெரே, லெ கொர்பூஸியே என்று இரண்டு மகா ஆர்க்கிடெக்ட்கள் வந்து பேசுகிறார்கள். அதுவும் கொத்தனார்களின் சங்கம் எடுத்த படத்தில்! நம் ஊர் திறப்பு விழாக்களில் மேஸ்திரிக்கு ஒரு நாற்காலி கிடைப்பதே அபூர்வம்.

அதே லெ கொர்பூஸியேதான் பிற்பாடு சண்டீகரை வடிவமைத்தார். அந்த நகரத்தை 1966-ல் அலென் டானர் படமாக்கினார். வர்ணனை ஜான் பெர்ஜர். கான்கிரீட்டின் அழகோடு, தலைச்சுமையுடன் ஏறி இறங்கும் சித்தாள்களையும் அந்த கேமரா விடவில்லை.

நம்மவர்களின் போராட்டமும் படமெடுக்கத் தகுந்ததுதான். தமிழ்நாட்டில் 1982-ல் உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டம், 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். 1985-ல் மத்தியச் சட்டம் கோரி நீதிபதி கிருஷ்ணய்யர் தலைமையில் தேசியப் பிரசாரக் குழு. பத்து வருடத்துக்கு மேல் அலைந்த பிறகு 1996-ல் சட்டம் வந்தது. கட்டடச் செலவில் 1 முதல் 2 சதவீதம் வரி. பணம் குவிந்ததே தவிர, போய்ச் சேரவில்லை. வசூலான 37,400 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையில் சுமார் 9,500 கோடிதான் செலவானது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் வருத்தப்பட்டது. தொழிலாளிக்கு லேப்டாப், வாஷிங் மெஷின் வாங்கிய விநோதமும் அப்போதுதான் அம்பலமானது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டங்களுக்குள் இவை அடங்கிவிட்டன. வாரியங்கள் என்னவோ மாநிலத்துக்கு ஒன்றுதான்.

இதன் சிக்கல் புரிய, குண்டலுபேட்டைக்கு வர வேண்டும். மைசூரிலிருந்து வரும் சாலை இங்கேதான் ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் பிரிகிறது. மூன்று மாநிலம், மூன்று வாரியம். பதிவு செய்ய முந்தைய 12 மாதங்களில் 90 நாள் வேலை காட்ட வேண்டும். ஊட்டியில் 40 நாள், சுல்தான் பத்தேரியில் 30 நாள், மைசூரில் 20 நாள் கலவை சுமந்த சித்தாளின் 90 நாளை எந்த வாரியத்தின் கணக்கில் எழுதுவது?