மனத்தின் வாயிலுக்குக் காவல் யார்?

துயருற்ற மனிதனின் நெஞ்சைத் திறந்து கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? அந்த உரிமையை வழங்குவது யார்? பல்கலைக்கழகமா, அரசா, அறிஞர் சங்கமா, அன்றித் துயருற்ற மக்களேயா?

இது மேல்நாட்டு மருத்துவர்களின் உட்பூசல், நெளுக்குளத்தில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை உண்டு. போரைக் கடந்து வந்த மண்ணில் மனத்துயரம் மருத்துவமனைக்குள் மட்டும் அடங்கிக் கிடப்பதில்லை. அது வகுப்பறையின் கடைசி வாங்கில் அமர்ந்திருக்கிறது. கூப்பன் கடை வாசலில் நிற்கிறது. குளக்கட்டில் தனியே நடக்கிறது. அதைக் கேட்கத் தகுதியுள்ளவர் யார் என்ற வினா, நெல்லுக்கும் நீருக்கும் அடுத்தபடியாக, வன்னி மக்களின் வாழ்க்கை வினா. ஆகவேதான் உலகில் இந்தத் தகுதியை வரையறுத்து வைத்திருக்கும் சங்கங்களில் ஒன்றை எடுத்து, அதன் வாயிலை நாம் இங்கே உரசிப் பார்க்க விரும்புகிறோம்.

சுவிற்சர்லாந்து மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங் (1875–1961) பிராய்டின் நெருங்கிய தோழராயிருந்து, 1913 அளவில் அவரைப் பிரிந்து, தமது முறைக்குப் ‘பகுப்பாய்வு உளவியல்’ என்று பெயரிட்டார். அவரைச் சூழ்ந்தோர் 1916இல் சூரிச்சில் உளவியல் கழகம் ஒன்றை அமைத்தனர். 1948இல் அதே நகரில் அவர் பெயரால் பயிற்சி நிறுவனம் எழுந்தது. 1955இல் அனைத்துலகப் பகுப்பாய்வு உளவியல் சங்கம் தோன்றியது. இன்று யுங் வழிப் பகுப்பாய்வாளர் என்ற பெயருக்கு உலக அளவில் முத்திரை குத்துவது இந்தச் சங்கமே.

இதில் சேர்வது எப்படி? சந்தா கட்டிச் சேர்ந்துவிட முடியாது. உயர்கல்விப் பட்டம் வேண்டும். பின்னர் விண்ணப்பித்தவர் தாமே ஒரு பகுப்பாய்வாளர் முன் நூற்றுக்கணக்கான மணிநேரம் அமர்ந்து தமது கனவுகளையும் அச்சங்களையும் பகுப்பாய்வுக்கு உட்படுத்த வேண்டும். அதன்பின் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் நோயாளரைக் கண்டு பழக வேண்டும். பரீட்சை எழுத வேண்டும். ஆய்வேடு அளிக்க வேண்டும். ஆண்டுகள் பல கழியும். சங்கம் இல்லாத நாட்டவர் தனி உறுப்பினராகச் சேரவும் பிற்காலத்தில் ஒரு வழி வகுத்தனர். அங்கும் இதே படிகள்தாம், பகுப்பாய்வாளர் மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்து போவார்.

இந்த விதியின் உட்கருவை நாம் ஏளனம் செய்யவில்லை. பிறர் மனத்தைத் தொடுபவன் முதலில் தன் மனத்தைப் பிறர் முன் வைக்க வேண்டும் என்பது உயர்ந்த விதி. கத்தி பிடிக்கும் மருத்துவன் கை கழுவியே ஆகவேண்டும் என்பதற்கு ஒப்பானது அது. இதனை முதன்முதல் வற்புறுத்தியோர் யுங்கும் அவரது சூரிச் குழுவினருமே. 1912இல் பிராய்டே இதை அவர்களுடைய நற்பணிகளில் ஒன்றாக ஒப்புக்கொண்டார். தன் வெறுப்பையும் ஆசையையும் அறியாதவன் அவற்றைத் துயருற்றவன் தலையில் ஏற்றிவிடுவான். ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு இது விளங்காத செய்தி அன்று.

ஆயினும் விதி வேறு, வாயில் வேறு. அந்த நூற்றுக்கணக்கான மணிநேரத்துக்கும் கட்டணம் கொடுப்பவர் விண்ணப்பதாரரே. வன்னியில் ஓர் ஆசிரியர் பெறும் மாதச் சம்பளத்தைச் சுவிஸ் நாணயத்தில் மாற்றினால், அது சூரிச்சில் எத்தனை மணிநேரத்துக்குப் போதும் என்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம். மொழியோ அதனினும் கொடிய தடை. கனவு தாய்மொழியில் வருகிறது. அதைச் சொல்லவோ ஆங்கிலமோ ஜேர்மனோ வேண்டும். இறந்த பிள்ளையை நினைத்து ஒரு தாய் வைக்கும் ஒப்பாரியை எந்த அயல்மொழியில் பெயர்த்துச் சொல்வது? ஆக, ‘தன்னை அறிந்தவனே பிறரைக் குணப்படுத்தலாம்’ என்ற அறம், ‘பணமும் மொழியும் படைத்தவனே பிறரைக் குணப்படுத்தலாம்’ என்ற சட்டமாக உருமாறிவிடுகிறது. அறத்தின் போர்வைக்குள் வர்க்கம் ஒளிந்து நிற்கிறது.

சங்கம் அறிவியல் அமைப்பு, அதற்கு அரசியல் இல்லை என்பார் உளர். வரலாறு வேறு கதை சொல்கிறது. 1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்தபின் உளமருத்துவப் பொதுச் சங்கத்தின் தலைமையை யுங் ஏற்றார். யூத மருத்துவர்கள் தனி உறுப்பினராக நீடிப்பதற்கு 1934இல் அவர் விதி செய்தார் என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் அதே 1934இல், ஆரியரின் நனவிலிக்கும் யூதரின் நனவிலிக்கும் வேற்றுமை கற்பித்து எழுதியவரும் அவரே. சூரிச் உளவியல் கழகமோ 1944இல், யூத உறுப்பினர் தொகை பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்று இரகசிய விதி ஒன்றை வகுத்தது. எந்த ஆண்டு? யூதரைக் கொன்ற உலைகள் எரிந்துகொண்டிருந்த ஆண்டு! அந்த விதி 1950 வரை இருந்தது. மனித மனத்தின் ஆழத்தைத் துருவிய கழகம், தன் வாசற்படியில் இனவெறி நின்றதைக் காணவில்லை.

ஆபிரிக்கரைப் பற்றி யுங் எழுதியவையும் அத்தகையனவே. அவர் கருத்துகளில் இனவாதம் ஊறியிருப்பதை 1988இல் பர்காத் தலால் விரிவாக எடுத்துக்காட்டினார். யுங் வழியினர் பலர் ஒப்பமிட்டு வருத்தம் தெரிவித்த பகிரங்கக் கடிதம் வெளிவந்ததோ 2018இல். இடையில் முப்பது ஆண்டுகள். நோயாளியிடம் நேர்மையைக் கோரும் தொழில், தன்னிடம் அதைக் கோர முப்பது ஆண்டுகள் எடுத்தது.

கீழைநாட்டவராகிய நம்மை அவர் புகழ்ந்தாரே என்று நம் பண்டிதர் சிலர் மகிழ்வர். அந்தப் புகழைப் பகுத்துப் பார்ப்போம். இந்திய விஞ்ஞான மாநாட்டின் வெள்ளிவிழாவுக்குப் பிரித்தானிய இந்திய அரசின் அழைப்பில் 1937ஆம் ஆண்டின் இறுதியில் யுங் இந்தியா வந்தார். கல்கத்தா, காசி, அலகாபாத் பல்கலைக்கழகங்கள் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கின. இலங்கைக்கும் வந்து கொழும்பையும் கண்டி தலதா மாளிகையையும் கண்டார். திரும்பிச் சென்று 1939இல் எழுதிய கட்டுரைகளில் இந்தியாவைக் கனவு போன்ற உலகம் என்றார். இந்தியன் சிந்திப்பதில்லை, சிந்தனை அவனுக்குக் காட்சியாகிறது என்னும் கருத்துப்பட எழுதினார். அவர் வந்த 1937இல்தான் மாகாணத் தேர்தலில் வென்று காங்கிரஸ் அமைச்சரவைகள் அமைந்தன. இலங்கையிலோ 1931இலேயே சர்வசன வாக்குரிமை வந்துவிட்டது. 1935இல் சமசமாஜக் கட்சி பிறந்துவிட்டது. கண் விழித்து, கை முறுக்கி நின்ற மக்களைக் கண்டு ‘கனவு காண்கிறார்கள்’ என்று எழுதுவது புகழ்ச்சியா? வரலாற்றை எம்மிடமிருந்து பறித்துவிட்டு ஆன்மாவை மட்டும் பரிசளிப்பது அது.

இந்தப் பறிப்புக்குக் கோட்பாட்டுக் கருவியாக நிற்பது ‘கூட்டு நனவிலி’. தனிமனிதன் பட்டறிவுக்கு அப்பால், மனித குலம் முழுவதும் பரம்பரையாகப் பெற்ற தொன்மப் படிவங்கள் மனத்தின் அடித்தளத்தில் உள்ளன என்பது யுங்கின் கொள்கை. பிரான்ஸ் பனோன் 1952இல் இதற்குத் தக்க மறுப்புத் தந்தார். கூட்டு நனவிலி மூளையில் பிறவியோடு வருவதன்று. ஒரு சமுதாயம் தன் உறுப்பினர் மீது ஏற்றிவைக்கும் முற்சாய்வுகளின் தொகுதியே அது என்றார். ஏற்றியதை இறக்கலாம், பிறவியோடு வந்ததை இறக்குவதெப்படி? இங்கேதான் முற்போக்காளர் நிற்க வேண்டிய இடம் தெளிவாகிறது.

அப்படியானால் சங்கமே வேண்டாமா? அதற்கு விடை தருகிறது கல்கத்தா. 1922இல் மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ் தமது இல்லத்தில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். தொடக்க உறுப்பினர் பதினைந்து பேரில் பெரும்பாலோர் யார் தெரியுமா? கல்லூரி ஆசிரியர்கள். போஸ் வியன்னா சென்றவரல்லர். எவரிடமும் பகுப்பாய்வுக்கு அமர்ந்தவரல்லர். நூல் வழியும் தன்னாய்வு வழியும் கற்றவர். எனினும் பிராய்டின் அனைத்துலகச் சங்கம் அந்த அமைப்பை ஏற்றுக்கொண்டது. போஸும் கைகட்டி நிற்கவில்லை; இந்திய நோயாளரிடம் தாம் கண்டவை ஐரோப்பியக் கொள்கையோடு பொருந்தவில்லை என்று பிராய்டுக்கே எழுதினார். அவருடைய சங்கம் 1940இல் கல்கத்தாவில் லும்பினிப் பூங்கா என்ற மனநல மருத்துவமனையைத் தொடங்கியது.

அதே சங்கத்தின் தொடக்க உறுப்பினரில் ஆங்கிலேயர் இருவர் இருந்தனர். பேர்க்லி-ஹில், டேலி என்ற அவ்விருவரும் ஐரோப்பாவின் பெரியோரிடம் முறைப்படி பகுப்பாய்வுக்கு அமர்ந்து ‘தம்மை அறிந்தவர்கள்’. முன்னவர் இந்துக்களின் சமயத்தையும் குணத்தையும் குழந்தைப் பருவத்து மலக்கழிவு இன்பத்தின் விளைவு என்று எழுதினார். பின்னவர் 1930இல் புரட்சி மனப்பான்மையை ஒரு மனக்கோளாறாகப் பகுத்துக் காட்டினார். அடிமைப்பட்டவன் விலங்கை உடைத்தால் அது நோய். விலங்கிட்டவன் கட்டுரை எழுதினால் அது விஞ்ஞானம்! வாயிலை முறைப்படி கடந்து வந்தவர்கள் ஆட்சியாளரின் கண்ணாடியைக் கழற்றவில்லை. வாயிலைக் கடக்காத போஸ் மருத்துவமனை கட்டினார். ஆகவே, பகுப்பாய்வு மணிநேரத்தின் எண்ணிக்கை மட்டும் ஒருவனை மனிதனாக்கிவிடாது.

கட்டணமும் விதியாக இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஏழைக்கு அறுவைச் சிகிச்சையில் உள்ள உரிமை மனச் சிகிச்சையிலும் உண்டு என்று பிராய்ட் 1918இல் புடாபெஸ்டில் பேசினார். 1920இல் பேர்லினிலும் 1922இல் வியன்னாவிலும் வறியோருக்கான மனச் சிகிச்சை நிலையங்கள் திறக்கப்பட்டன. அவை தளர்ந்தமைக்குக் காரணம் அவை இயலாதவை என்பதன்று. பாசிசம் அவற்றின் மருத்துவர்களைத் துரத்தியது.

இனி நமது மண்ணுக்கு வருவோம். 2009இல் போர் முடிந்தபோது 2,80,000 பேர் வரையில் முகாம்களுக்குள் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும் பகுதியினரை அடைத்த மெனிக்பாம் இந்த வவுனியா மாவட்டத்தில்தான் இருந்தது. அது முற்றாக மூடப்பட்டது 2012இல். அந்த ஆண்டுகளில் வீடு கட்டவும் வீதி போடவும் அனுமதி கிடைத்தது. உளசமூகப் பணிக்கோ அதிகாரிகள் மீண்டும் மீண்டும் அனுமதி மறுத்தனர். ஏன்? வீதி பேசாது, மனம் பேசும். பேசத் தொடங்கினால் என்ன நடந்தது என்றும் சொல்லும்.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இந்த மக்களின் நிலையை ஆராய்ந்து, இதனைக் கூட்டு மனவடு என்றார். தனிமனிதன் மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும் உறவும் நம்பிக்கையும் சேர்ந்தே காயமுற்றன என்பது அவர் முடிபு. யுங்கின் ‘கூட்டு’க்கும் இந்தக் ‘கூட்டு’க்கும் உள்ள தூரத்தை நோக்குக. அது காலங்காலமாக வருவது; இது ஷெல் விழுந்த நாளில் தொடங்கியது. அதற்குத் தொன்மம் உண்டு. இதற்குத் திகதி உண்டு, பொறுப்பாளிகளும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் வவுனியாவில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. கையில் மகனின் படத்துடன் வெயிலில் அமர்ந்திருக்கும் தாயிடம், உன் நனவிலியில் பெருந்தாயின் தொன்மம் விழித்திருக்கிறது என்று சொல்வது மருத்துவமா? அவளுக்கு வேண்டியது விடை. ‘என் பிள்ளை எங்கே?’ என்பது நோய்க்குறி அன்று, அது வழக்கு.

மறுபுறம் ஒரு கூட்டம், நமக்கு அம்மன் கோயிலும் கூத்தும் ஒப்பாரியும் போதும், அந்நிய உளவியல் எதற்கு என்கிறது. சடங்கு துயரத்துக்கு வடிகால் ஆவதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் அடிபடும் பெண்ணை ‘விதி’ என்று அடக்குவதும், மனம் கலங்கியவனைப் ‘பேய்’ என்று கட்டிவைப்பதும் இதே மரபுதான். சாதி பார்த்து மூடிய வாயில் சூரிச்சின் வாயிலைவிட உயர்ந்ததா?

மூன்றாவது ஆபத்து, வாயிலே இல்லாமை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக் கரைகளில் வந்திறங்கிய அந்நிய ஆலோசகர் கூட்டத்தை நாடு மறக்கவில்லை. சில நாட் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு புகைப்படம். திட்டப் பணம் முடிந்ததும் கேட்டவர் போய்விடுவார், சொன்னவர் திறந்த காயத்துடன் இருப்பார். சூரிச் செல்வருக்கு வாயில் வைத்தது. திட்டக்காரர் ஏழைகளுக்கு வாயிலே வேண்டாம் என்றனர். இரண்டும் ஒரே அநீதியின் இரு கைகள்.

நம் பாடசாலைகளில் ஆலோசனையும் வழிகாட்டலும் என்ற பொறுப்பை ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்கும் முறை உண்டு. பாட வேளைகளுக்கு இடையே பிள்ளைகளின் துயரத்தை அவர் கேட்கிறார். நுண்கடன்காரன் வாசலில் நிற்கும்போது தாய் ஒளிந்துகொண்டதை ஒரு பிள்ளை சொல்கிறது. தந்தையின் முகம் தெரியாததை இன்னொன்று சொல்கிறது. கேட்டதையெல்லாம் சுமந்துகொண்டு அவர் வீடு செல்கிறார். அவரைக் கேட்பவர் யார்? அவருக்கு மேற்பார்வை எங்கே? ஓய்வு நேரம் எங்கே? இங்கேதான் யுங்கின் அந்த ஒரு விதி நமக்குத் தேவைப்படுகிறது. வாயிலை அவர்களிடமே விட்டுவிட்டு, விதியை நாம் எடுத்துக்கொள்வோம்.

நாம் கோருவது இதுதான்: உளவளத்துணையாளரின் பயிற்சி தமிழில், அரச செலவில், ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டும். பயிலும் ஒவ்வொருவரும் தாமும் கேட்கப்பட வேண்டும். அதற்கு அவர் ஒரு சதமும் கொடுக்கலாகாது. பயிற்சி முடிந்தபின்னும் மேற்பார்வை நிற்கலாகாது. கேட்டது வெளியே போகாமைக்கு ஒழுக்கக் கோவையும், மீறியோரை விசாரிக்கும் அமைப்பும் வேண்டும். அந்த அமைப்பில் துயருற்ற மக்களின் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும். பம்பைமடுவில் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. கற்பிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கல்கத்தாவில் பதினைந்து பேர் போதுமானவராயினர்.

அன்பான ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! அனைத்துலகச் சங்கம் ஒன்றில் இடம் பெறுவது இழிவன்று. வாய்ப்புள்ளவர் சென்று கற்று வரட்டும். ஆனால் கற்றவர் எந்த மக்களிடம் திரும்பி வருகிறார் என்பதே அவரை அளக்கும் கோல். துயரத்தின் காரணத்தைப் பேசாத மனமருத்துவம் கொடுமைக்குத் துணை போகும். துயருற்றவனைக் கேளாத அரசியலோ அவனைக் கொடிக்கம்பமாக்கிவிடும். இரண்டையும் ஒருங்கே செய்யத் துணிந்தோரின் சங்கம் ஒன்று வன்னியில் எழட்டும். அதன் வாயிலில் காவலராக நிற்கும் உரிமை, காயம்பட்ட அந்த மக்களுக்கே உரியது.