லாச்சப்பல் குறிப்புகள் – 9: சுழியோடப் பழக எங்க போறது?

பாரிஸில கடல் இல்லை. ஆனா ஸ்கூபா பழக்கிற கழகங்கள் தாராளமா இருக்கு. குளிர்காலம் முழுக்க நீச்சல் குளத்தில பழக்குவினம். இடையில வில்நெவ்-லா-கரென் பக்கம் இருக்கிற 20 மீற்றர் ஆழக் குளம். கோடை வந்தாத்தான் கடல்.

சேர முதல் விலையைக் கேக்காதேங்கோ, என்ன அட்டை தருவீங்கள் எண்டு கேளுங்கோ. கழகங்கள் அனேகமா பிரெஞ்சுச் சம்மேளனத்தின்ர 'நிவோ 1' தரும். 20 மீற்றர் வரை போகலாம், ஆனா வழிகாட்டி கூட வரவேணும். வணிகப் பள்ளிகள் தாற 'பாடி ஓப்பன் வாட்டர்' 18 மீற்றர். அதில அட்டை வைச்சிருக்கிற ஒரு சோடியோட, ஆசிரியர் இல்லாமலே இறங்கலாம். சில நாளிலயே முடிஞ்சிடும்.

அடுத்தது, ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? பாடி விதி கடலில 8 பேர் வரை விடும். பிரெஞ்சுச் சட்டம் 4 பேரோட நிப்பாட்டுது. விடுமுறைக்குத் திருகோணமலை போய்ப் பழக நினைக்கிறவை இதைக் கட்டாயம் கேளுங்கோ.

எல்லாத்தையும் விட முக்கியம் மொழி. மன்னாரில முத்துக்குளிச்ச எங்கட ஆக்கள் மூச்சைப் பிடிச்சுத்தான் இறங்கினவை. ஸ்கூபாவில அது தலைகீழ்: மூச்சைப் பிடிச்சுக்கொண்டு மேல வந்தா உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு நுரையீரல் கிழியும். இப்பிடியான பாடத்தை அரைகுறைப் பிரெஞ்சில கேட்டுத் தலையாட்டக் கூடாது. உங்களுக்கு விளங்கிற மொழியில திருப்பிச் சொல்லுற ஆசிரியர் இருக்கிற இடம், 100 யூரோ கூடவெண்டாலும் பரவாயில்லை.

எதுக்கும் முதல் ஒரு 'பப்தேம்' கேளுங்கோ, அதுதான் அறிமுக முழுக்கு. தண்ணிக்குள்ள அந்த ஆசிரியரைப் பார்க்க நெஞ்சு பதறேல்லையெண்டால், காசைக் கட்டலாம் :-)