பழவேற்காட்டில் ஒரு பகல்

"விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம்?" என்று எங்கள் திருத்தணிப் பெற்றோர் என்னைக் கேட்பதுண்டு. வெளியூரார் எங்கள் மலையைக் காண வருகின்றனர். மலையடிவாரத்திலேயே வாழும் எங்களுக்கோ கடல்தான் புதுமை. ஆகவே, எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்திலுள்ள பழவேற்காட்டையே நான் சொல்வது வழக்கம். அண்மையில் மத்ரஸா மாணவர்கள் சிலருடன் நானும் அங்கே ஒரு பகற்பொழுதைக் கழித்து வந்தேன்.

நார்வே நாட்டில் பனியாறுகள் குடைந்த ஆழமான மலைப் பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்து நிற்கிறது. அவற்றை 'ஃபியோர்டு' என்பர். அக்கரைகளிலுள்ள சிற்றூர்களைக் காண உலகெங்கிலுமிருந்து பயணிகள் செல்கின்றனர். மலையில்லாத நம் வடகோடிக் கடற்கரையிலும் கடல் நிலத்துக்குள் வந்து தங்கியிருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல் தீவு வங்கக் கடலைத் தடுத்து நிற்க, அதன் மேற்கே உப்பு நீரும் ஆற்று நீரும் கலந்த ஏரி பரந்து கிடக்கிறது. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் அமைந்துள்ளது.

சென்னை சென்று, கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார வண்டியில் பொன்னேரியில் இறங்கிப் பேருந்தில் சென்றோம். குளிர்காலமாதலால் ஆழமற்ற நீரில் பூநாரைகள் கூட்டங் கூட்டமாக நின்று இரை தேடின. கரையில் இறாலும் நண்டும் விலை பேசப்பட்டுக் கொண்டிருந்தன. ஏரியின் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வரமாட்டா. மீனவர் வீட்டில் அடுப்பெரிவதும் அரிதாகிவிடும்.

1606-ம் ஆண்டளவில் டச்சுக்காரர் இக்கரைக்கு வந்தனர். 1610-ல் விசயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி பெற்று, 1613-ல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினர். அவர்கள் நாடி வந்தது துணி. கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்குவதற்கு வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலக் கரையின் துணிகளே அதிகம் பயன்பட்டன. மலாய் மக்கள் இன்றும் கட்டம் போட்ட கைலியை 'கைன் பெலிகாட்' என்றே அழைக்கின்றனர். 'பெலிகாட்' என்பது 'புலிக்காட்' என்னும் இவ்வூர்ப் பெயரின் திரிபேயாகும். நம் வீடுகளில் அன்றாடம் உடுத்தும் கைலிக்குப் பின்னால் இத்துணை நீண்ட கடற்பயணம் இருப்பதைக் கேட்டு மாணவர்கள் வியந்தனர்.

1690-ல் டச்சுக்காரர் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். 1825-ல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை இருந்த இடத்தில் இன்று முட்புதர் மண்டிய மேடே எஞ்சியுள்ளது. ஆனால், டச்சுக் கல்லறைத் தோட்டத்தை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது. நுழைவாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே பெயரும் ஆண்டும் குடும்பச் சின்னமும் பொறித்த கற்பலகைகள் நானூறு ஆண்டுக் காலத்தின் வெயிலையும் மழையையும் தாங்கிக் கிடக்கின்றன.

துணியோடு மனிதரும் இத்துறையிலிருந்து கப்பலேற்றப்பட்ட வரலாற்றை அங்கே மாணவர்களுக்குச் சொன்னேன். பதினேழாம் நூற்றாண்டில், பஞ்சத்தால் விற்கப்பட்டவர்களும், வங்கக் கரையில் பிடிக்கப்பட்டு அரக்கான் வழியாக வந்தவர்களுமாகப் பல்லாயிரவர் அடிமைகளாகப் பத்தேவியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். கேட்டுக் கொண்டிருந்த மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், அவர்களுடைய கப்ருகள் எங்கே?" என்று வினவினார். என்னால் பதில் சொல்ல இயலவில்லை. விற்றவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது; விற்கப்பட்டவர்களின் பெயரை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

அங்கிருந்து பள்ளிவாசலுக்குச் சென்றோம். அரபு நாட்டிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் என்று தம் முன்னோரைப் பற்றிக் கூறும் குடும்பங்கள் இவ்வூரில் உண்டு. தொழுகை நேரம் அறிய உதவிய நிழற்கடிகாரம் ஒன்றும் இங்குள்ளது. நிழல் மிகக் குறுகி, மீண்டும் நீளத் தொடங்கினால் லுஹர். நண்பகல் நிழல் நீங்கலாக, பொருளின் உயரத்துக்கு நிழல் சமமாகும்போது ஷாஃபி மத்ஹபில் அஸர். இரு மடங்காகும்போது ஹனஃபி மத்ஹபில் அஸர். நூலில் படித்ததை மாணவர்கள் வெயிலில் நின்று விளங்கிக் கொண்டனர்.

பழைய குடும்பங்களின் ஆவணங்கள் அரபுத் தமிழில் எழுதப்பட்டவை. தமிழ் மொழியை அரபு எழுத்தில், தமிழ் ஒலிகளுக்கெனச் சில எழுத்துகளைக் கூட்டி எழுதிய முறை அது. நம் பாட்டிமார் சரளமாக ஓதிய அவ்வெழுத்தைப் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் வாசிப்பர்? டச்சுக்காரரின் கல்லைக் காக்க ஓர் அரசுத் துறை இருக்கிறது. நம் வீட்டுப் பெட்டியிலுள்ள ஏட்டைக் கரையானிடமிருந்து காக்க நம்மைத் தவிர வேறு யாருமில்லை.

இவ்வூருக்குச் செல்ல விரும்பும் குடும்பத்தார்க்கு இரண்டு வார்த்தைகள். முதலாவது, படகு. 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்த படகு கவிழ்ந்து 22 பேர் இவ்விடத்தில் உயிரிழந்தனர். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. அழைப்பவர் எவராயினும், பிள்ளைகள் எவ்வளவு அடம் பிடித்தாலும் கரையிலிருந்தே ஏரியைக் கண்டு மகிழுங்கள். இரண்டாவது, இங்குள்ள முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடையும் கூடைகளும் பெட்டிகளும் அழகானவை. பேரம் பேசாமல் ஒன்றிரண்டு வாங்குங்கள்; ஒரு வீட்டின் உழைப்புக்கு அது துணையாகும்.

பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் முடிவைக் கவனிக்குமாறு திருமறை பல இடங்களில் ஏவுகிறது. பார்த்துவிட்டு வருவதோடு அக்கடமை முடிந்துவிடுவதில்லை. ஊர் திரும்பியதும் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன்: வீட்டிலுள்ள மூத்தவரிடம் அமர்ந்து, அவருடைய பாட்டனார், பாட்டியார் பெயர்களைக் கேட்டு எழுதி வர வேண்டும்; அரபுத் தமிழ் ஏடு ஏதேனும் இருந்தால் ஒரு பக்கத்தையாவது வாசிக்கக் கற்று வர வேண்டும். வாசகர்களே, உங்கள் இல்லத்திலும் இன்றிரவே அதைத் தொடங்கலாமே!