பழைய நாடகம், புதிய மாலை

ஆண்டுதோறும் ஜூன் மாதம் பிறந்தால் நம் நண்பர் குழுவில் ஒரு பந்தயம் நடைபெறும். நியூயார்க் நகரத்துப் பிராட்வே அரங்குகளுக்கு வழங்கப்பெறும் டோனி பரிசுகளுள், மீண்டும் மேடையேறிய பழைய நாடகத்திற்குரிய பரிசு எதற்குக் கிட்டும் என்பதே பந்தயம். தோற்றவர் மற்றவர்க்கெல்லாம் காப்பி வாங்கித் தரவேண்டும். கடல் கடந்த ஊரின் நாடகத்தை நாம் எங்கே கண்டோம்? செய்திகளையும் விமரிசனங்களையும் படித்தே சோதிடம் கூறுகிறோம். 2025-ஆம் ஆண்டில் தோற்றவர் நாமே. காப்பிச் செலவு பெரிதன்று. ஏன் தோற்றோம் என்று எண்ணியதில் கிடைத்த பாடம் பெரிது. அதனையே இத்திங்கள் அன்பர்களிடம் கூற விழைகிறோம்.

நடிகையும் இயக்குநருமாக விளங்கிய அன்டோனெட் பெர்ரி அம்மையாரின் நினைவாக 1947-இல் தொடங்கியது டோனி பரிசு. பழைய உரை நாடகங்களுக்கும் பழைய இசை நாடகங்களுக்கும் தனித்தனியே பரிசு தரும் வழக்கம் 1994 முதல் உள்ளது. ஏறத்தாழ 800 பேர் வாக்களிக்கின்றனர். இங்கே ‘பழையது’ என்ற சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. முன்னரே பிராட்வேயில் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. வேறிடத்தில் நடந்து பெயர்பெற்ற நாடகம் முதன்முறையாக அங்கே வந்தாலும் பழையவற்றோடு சேர்க்கப்படலாம். 2024-இல் வென்ற ‘அப்ரோப்ரியேட்’, 2025-இல் வென்ற ‘யுரேகா டே’ ஆகிய இரண்டும் அவ்வாறு வந்தவையே. இதனை மறந்து, வயதில் மூத்ததற்கே மாலை என்று கணக்கிடுவோர் ஏமாறுவர்.

2025-இல் நாம் ஏமாந்ததும் அவ்வாறே. தார்ன்டன் வைல்டர் 1938-இல் அளித்த ‘அவர் டவுன்’ அவ்வாண்டுப் பட்டியலில் இருந்தது. அத்துணைப் புகழ்பெற்ற நாடகத்தை வெல்ல யாரால் இயலும் என்று நாம் உறுதியாகக் கூறினோம். நண்பர் ஒருவரோ, பட்டியல் வெளிவருமுன்பே, ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ என்றார். டென்சல் வாஷிங்டனும் ஜேக் ஜில்லென்ஹாலும் நடித்த அந்நாடகத்தின் முன்வரிசைச் சீட்டு ஒன்று 900 டாலருக்கும் மேல் விற்றது. ஒரே வாரத்தில் 28 இலட்சம் டாலர் சேர்ந்தது. உரை நாடகம் எதுவும் பிராட்வேயில் அன்றுவரை ஒரு வாரத்தில் அத்தொகையை ஈட்டியதில்லை. ஆயினும் எந்தப் பிரிவிலும் அதன் பெயர் பட்டியலில் இடம்பெறவில்லை. நடைமேடையில் நிற்கும் கூட்டத்தைக் கொண்டு வண்டி நேரத்திற்குச் சேருமா என்று கூற இயலாது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்!

வென்ற ‘யுரேகா டே’ ஒரு சிறு நாடகம். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஒரு பள்ளி. அங்கே பொன்னுக்குவீங்கி நோய் பரவுகிறது. தடுப்பூசியைக் கட்டாயமாக்கலாமா என்று பள்ளிக் குழுவினர் வாதிடுகின்றனர். எவர் மனமும் புண்படலாகாது என்று தொடங்கிய பேச்சு, எல்லார் மனமும் புண்பட்டு முடிகிறது. இணையவழிக் கூட்டம் ஒன்றில் பெற்றோர் எழுதும் வசைகள் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட, அவையோரின் சிரிப்பில் நடிகர்களின் பேச்சே மூழ்கிவிடும். ஜானதன் ஸ்பெக்டர் எழுதிய இந்நாடகம் 2018-இல், கொரோனாவுக்கு முன்பே அரங்கேறியது. பெருந்தொற்றைக் கடந்துவந்த மக்களுக்கு அது தம் வீட்டுச் சண்டையாகவே தோன்றியிருக்கும். நாடகம் இருந்த இடத்திலேயே இருந்தது. காலம் அதனைத் தேடி வந்தது.

முந்திய ஆண்டுகளையும் புரட்டிப் பார்த்தோம். 1994-இல் வென்றது ஜே.பி. பிரீஸ்ட்லியின் ‘ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’. ஓர் ஏழைப் பெண்ணின் சாவில் செல்வக் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் பங்குண்டு என்பது கதை. இயக்குநர் ஸ்டீபன் டால்ட்ரி அக்குடும்பத்தின் வீட்டைத் தெருவுக்கு மேலே தூக்கி நிறுத்தி, அவையோரின் கண்முன்னே அதனைச் சரித்துக் காட்டினார். 2007-இல் வென்ற ‘ஜர்னீஸ் எண்ட்’ முதல் உலகப்போரின் பதுங்குகுழியில் நிகழ்வது. அமெரிக்கப் படைகள் ஈராக்கில் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. கூட்டம் குறைந்தமையால் நிறுத்தப்பட்ட அந்நாடகம், தன் கடைசிக் காட்சி நடந்த நாளிலேயே பரிசைப் பெற்றது. மாலை வந்தபோது மேடை மூடப்பட்டிருந்தது.

நம் உள்ளத்தை மிகவும் தொட்டது ஆர்தர் மில்லரின் ‘எ வியூ ஃப்ரம் தி பிரிட்ஜ்’. 1998-லும் 2016-லும் இருமுறை இப்பரிசை வென்ற நாடகம் இது. புரூக்ளின் துறைமுகத் தொழிலாளி எடி கார்போன், இத்தாலியிலிருந்து அனுமதிச் சீட்டின்றிப் பிழைக்க வந்த மனைவியின் உறவினர் இருவரைத் தன் வீட்டில் மறைத்து வைக்கிறான். அவர்களுள் இளையவன், எடி வளர்த்த பெண்ணை விரும்புகிறான். பொறாமை முற்றிய எடி, உண்டு உறங்க இடம் தந்த விருந்தினரைத் தானே அதிகாரிகளிடம் காட்டிக் கொடுக்கிறான். 2016-இல் வென்ற ஆக்கத்தில் இயக்குநர் ஈவோ வான் ஹோவ மேசை நாற்காலிகளை அகற்றி, நடிகர்களை வெறுங்காலுடன் நடமாடச் செய்தார். மறைந்துகொள்ள ஒரு மூலையும் இல்லாத அந்த மேடையைப் பற்றிப் படித்தபோது, பிறந்த ஊரை விட்டுவந்து ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தோரின் நினைவு நமக்கு வந்தது. ஊரிலிருந்து வேலை தேடி வந்த உறவினர் பையனுக்குக் கூடத்தில் பாய் விரித்துக் கொடுத்த குடும்பங்கள் நம்முள் எத்தனை! அந்தப் பாயின் அருமையையும் அதனால் எழும் மனக்கசப்பையும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

புகழ்பெற்ற நடிகர் இருந்தால் பரிசு வாராது என்று கூறினோமில்லை. அதே டென்சல் வாஷிங்டன் நடித்த, ஆகஸ்டு வில்சனின் ‘ஃபென்சஸ்’ 2010-இல் இப்பரிசை வென்றது. அவரும் சிறந்த நடிகரானார். நடிகரின் பெயர் மக்களை வாயில்வரை அழைத்து வரும். அதற்கு அப்பால் அழைத்துச் செல்ல வேண்டியது நாடகமே.

ஆதலின் இனிப் பந்தயம் கட்டுமுன் நாம் கேட்கப்போவது ஒரே கேள்வி: இந்நாடகம் இன்று ஏன் திரும்பி வந்தது? ‘பெயர்பெற்ற நாடகம்’ என்பது மட்டுமே விடையானால் நம் காப்பிக் காசை அதன்மேல் வையோம். ‘இன்று நம்மிடையே உள்ள புண் அதில் தெரிகிறது’ என்பது விடையானால், அரங்கில் பாதி இருக்கை வெறுமையாயிருப்பினும் அதன் பக்கமே நிற்போம்.

ஆண்டுவிழாவுக்குப் பழைய நாடகம் ஒன்றைத் தேடும் சங்கங்களும் இக்கேள்வியைக் கேட்கலாம். பாட்டனார் பார்த்து மகிழ்ந்தது என்பதற்காக மட்டும் பேரப்பிள்ளைகளை இரண்டு மணி நேரம் உட்கார வைக்க இயலாது. அவர்களுக்கும் அதில் ஏதேனும் வலிக்க வேண்டும். அல்லது சிரிப்பாவது வரவேண்டும்.

நம் புதிய கணக்குச் சரியா என்பது அடுத்த ஜூனில் விளங்கும். தவறாயின், காப்பி மீண்டும் நம் செலவே!