யார் வாசலில் நிற்பது?

சென்ற மழைக்காலத்தில் நம் தெருமுனையில், வடிகாலின்மேல் மூடியிருந்த கற்பலகை உடைந்து போயிற்று. பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த சிறுமி ஒருத்தியின் கால் அதனுள் இறங்கி, முழங்கால்வரை சிராய்த்துவிட்டது. அன்று மாலையே நாலைந்து குடும்பத்தார் கூடி, ஆங்கிலத்தில் அழகாக ஒரு விண்ணப்பம் எழுதி, 27 கையெழுத்துகள் வாங்கி, ஒரு காரியாலயத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பதினைந்து நாள் கழித்துச் சென்று கேட்டபோது, "இது எங்கள் சாலை அன்று" என்றார்கள். அடுத்த காரியாலயத்திலும் அதே விடை. மூன்றாம் இடத்தில் வயது முதிர்ந்த குமாஸ்தா ஒருவர், "சாலையின் அகலம் எவ்வளவு?" என்று கேட்டார். நம்மில் ஒருவருக்கும் தெரியவில்லை. "இத்தனை ஆண்டுகளாக அங்கே குடியிருக்கிறீர்கள், ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லையா?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டது இன்னும் நம் காதில் நிற்கிறது. பிழை அவர்கள் மேலன்று, நம் மேலேதான். கதவு எது என்று அறியாமலே தட்டிக்கொண்டிருந்தோம்.

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றியும், குடவோலையைப் பற்றியும், ஏரி வாரியம் தோட்ட வாரியம் பற்றியும் ஆண்டு விழா மேடைதோறும் நாம் முழங்குவதுண்டு. நம் வீடு எந்த வார்டில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கிறோம். ஆகவே இத்திங்கள் இப்பகுதியில், தில்லி நகரின் ஸ்தல ஸ்தாபனங்கள் நடக்கும் முறையைச் சற்று விரித்துரைக்க எண்ணினோம்.

முதலில் அறிய வேண்டுவது, தில்லிக்கு நகரசபை ஒன்றன்று, மூன்று என்பது. கோல் மார்க்கெட்டிலும் சரோஜினி நகரிலும் அரசாங்கக் குடியிருப்புகளில் வாழ்பவர்கள் புதுதில்லி நகராண்மைக் கவுன்ஸிலின் எல்லைக்குள் இருக்கிறார்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் அந்த ஸ்தாபனத்தில் வார்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கவுன்ஸிலர் இல்லை. மின்சாரம், குடிநீர் வினியோகம்கூட அதன் கையிலேயே உண்டு. பாளையப் பகுதியில் இருப்பவர்களுக்கு ராணுவ அமைச்சகத்தைச் சார்ந்த கண்டோன்மெண்ட் போர்டு. கரோல் பாக், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி, மயூர் விஹார் முதலிய இடங்களில் வாழும் நம்மவரெல்லாம் மாநகராட்சிக்கு உட்பட்டவர்கள்.

மாநகராட்சி எல்லைக்குள்ளும் எல்லாக் காரியமும் மாநகராட்சியின் காரியம் அன்று. இங்கேதான் நம்மவர் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். குப்பை அகற்றுதல், தெருவைப் பெருக்குதல், பூங்காக்கள், கொசு ஒழிப்பு, ஆரம்பப் பள்ளிகள், பிறப்பு இறப்புப் பதிவு, வீட்டு வரி ஆகியவை மாநகராட்சிக்கு உரியவை. குடிநீரும் மலக்கழிவுக் குழாயும் தில்லி ஜல் போர்டைச் சேர்ந்தவை. மின்சாரமோ 2002 முதல் வினியோகக் கம்பெனிகளிடம் இருக்கிறது. சாலைகளில் 60 அடிக்கு மேற்பட்ட அகலமுடையவை பொதுப்பணித் துறையின் பொறுப்பு. சிறு தெருக்கள் மாநகராட்சியின் பொறுப்பு. சாலையோரத்து மழைநீர் வடிகால் பெரும்பாலும் சாலைக்கு உரியவரையே சாரும். ஆகவே வாசலில் நாற்றத்தோடு பொங்குவது மழைநீர் வடிகாலா, கழிவுக் குழாயா என்று கண்டறிவதே விண்ணப்பத்தின் முதல் வரி. குமாஸ்தா அகலத்தைக் கேட்டதன் பொருள் நமக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று. மறுநாள் காலை ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு போய் அளந்தோம்.

இனி மாநகராட்சியின் உட்புறம். 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 ஏப்ரலில் தோன்றிய இச்சபை, 2012-இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, 2022 மே திங்களில் மீண்டும் ஒன்றாயிற்று. அவ்வாண்டு டிசம்பர்த் தேர்தல் 250 வார்டுகளுக்கு நடந்தது. மேயர் பதவி ஓராண்டுக்குத்தான். ஐந்தாண்டில் முதல் ஆண்டு பெண்மணி ஒருவருக்கும், மூன்றாம் ஆண்டு தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் ஒருவருக்கும் உரியது. மேயர் சபையை நடத்துகிறார், மாலை மரியாதைகளும் அவருக்கே. நிர்வாக அதிகாரமோ மத்திய அரசாங்கம் நியமிக்கும் கமிஷனரிடத்தில் உள்ளது. மேயருக்கு மனு எழுதிவிட்டு, "மேயரே கேட்டுவிட்டார், இனிக் கவலை இல்லை" என்று இருப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். நாமும் ஒரு காலத்தில் அப்படி இருந்தவர்களே.

இவ்விருவருக்கும் நடுவே, பணப்பெட்டியின் சாவியை வைத்திருப்பது நிலைக்குழு. அதில் 18 அங்கத்தினர். அறுவரைச் சபை முழுவதும் தேர்ந்தெடுக்கும். எஞ்சிய பன்னிருவரை, நகரின் 12 மண்டலங்களிலும் உள்ள வார்டு கமிட்டிகள் ஆளுக்கு ஒருவராக அனுப்பும். பெரிய ஒப்பந்தம் எதுவாயினும் இக்குழுவின் இசைவு வேண்டும். கமிட்டி என்றாலே தேநீரும் பிஸ்கோத்தும் என்று எண்ணிச் சிரிப்பவர்கள், 2023-க்குப் பின் நடந்ததைச் சிந்திக்க வேண்டும். அவ்வாண்டு பிப்ரவரியில் மேயர் தேர்தல் நடந்து முடிந்தது. நிலைக்குழுத் தேர்தலிலோ சபைக்குள்ளேயே கைகலப்பு மூண்டது. பிறகு வழக்கு. துணைநிலை ஆளுநர் நியமிக்கும் 10 அங்கத்தினர் யார் சொற்படி நியமிக்கப்பட வேண்டும் என்பதொரு வழக்கு. அதில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2024 ஆகஸ்டில்தான் வந்தது. நியமன அங்கத்தினருக்கு வார்டு கமிட்டியில் வாக்கு உண்டாதலால், எந்தக் கட்சிக்கு எந்த மண்டலம் என்பது அதைப் பொறுத்திருந்தது. மண்டலத் தேர்தல் 2024 செப்டம்பர் 4-ஆம் நாள் நடந்தது. நிலைக்குழு உருப்பெற்றதோ 2025 ஜூனில்! இரண்டாண்டுக்கு மேல், பெரிய ஒப்பந்தங்களைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டிய குழுவே இல்லாமல் ஒரு மாநகரம் நடந்தது. கட்சிகள் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. யார் குற்றம் என்று தீர்ப்புச் சொல்ல இவ்விடம் உரியதன்று. நம் பூங்காச் சுவர் ஏன் எழவில்லை என்று திகைத்தவர்கள், விடையின் ஒரு பகுதி அங்கேயும் இருக்கலாம் என்று அறிந்தால் போதும்.

நமக்கு மிக அண்மையில் இருப்பது மண்டல வார்டு கமிட்டி. மயூர் விஹார்வாசிகளுக்கு ஷாதரா தெற்கு மண்டலம்; ராமகிருஷ்ணபுரத்தாருக்குத் தெற்கு மண்டலம். நம் கவுன்ஸிலர் நமக்காக வாய் திறக்கும் இடம் அதுவே. அவரிடம் செல்வதற்கும் காலம் உண்டு. கமிஷனர் வரவு செலவுத் திட்டத்தை டிசம்பர் 10-ஆம் நாளுக்குள் நிலைக்குழுவின் முன் வைக்க வேண்டும் என்றும், வரி வீதங்களைப் பிப்ரவரி 15-க்குள்ளும் திட்டத்தை மார்ச் 31-க்குள்ளும் சபை முடிவு செய்ய வேண்டும் என்றும் சட்டம் விதிக்கிறது. நவராத்திரிக் கொலு முடிந்த கையோடு கவுன்ஸிலரைக் கண்டவர் புத்திசாலி. மே மாதத்து வெயிலில் வியர்க்க வியர்க்கச் சென்று புதுச் செலவு கேட்பவர், பந்தி முடிந்தபின் இலை கேட்பவர். கொடுத்த மனுவின் கதி தெரியவில்லையானால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் விடை.

துணைவிதிகளைப் பற்றி ஒரு சொல். மாநகராட்சிச் சட்டத்தின்படி ஒரு துணைவிதி, முதலில் நகலாக வெளியிடப்பட்டு, பிறகு அரசாங்க இசைவு பெற்று, அரசிதழில் வந்த பின்னரே செல்லுபடியாகும். நகல் வெளிவரும் காலமே ஆட்சேபம் எழுப்புவதற்குரிய காலம். அதை எத்தனை பேர் படிக்கிறோம்? குப்பை நிர்வாகத்துக்கான துணைவிதிகள் தில்லியில் 2018 ஜனவரியில் அரசிதழில் வந்தன. வீடுதோறும் கட்டணம் என்பது அவற்றிலேயே இருந்தது. ஏழாண்டு கழித்து, 2025 ஏப்ரலில் அக்கட்டணத்தை வீட்டு வரியோடு சேர்த்துக் கேட்டபோது, இது என்ன புதிய அநியாயம் என்று ஊரெல்லாம் கூக்குரல் எழுந்தது. கட்டணம் நியாயமா அன்றா என்பது வேறு கேள்வி. புதியது மட்டும் அன்று.

இவையெல்லாம் மாடி வீட்டுக்காரர் பேச்சு என்று சில அன்பர்கள் நினைக்கக்கூடும். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் இருந்த மதராஸி கேம்ப்பை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். நம் நாட்டுப்புறங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, அக்கம்பக்கத்து வீடுகளில் பாத்திரம் துலக்கியும் சமைத்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் அவை. வெள்ளத்தைத் தடுக்க வடிகாலைச் சீர்படுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் பேரில், 2025 ஜூன் முதல் நாள் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. இருந்தவை சற்றொப்ப 370 குடிசைகள். நகரின் வடகோடியில் நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுடையவர்களாகக் கருதப்பட்டோர் பாதியைச் சற்றே கடந்தவர்கள்தாம். தகுதியைத் தீர்மானிப்பது 2015-ஆம் ஆண்டுக் கொள்கை. 2015 ஜனவரி முதல் நாளுக்கு முன்பே அங்கே குடியிருந்ததற்குச் சான்று வேண்டும்; 2012 முதல் 2015 வரையிலான வாக்காளர் பட்டியல்களில் ஒன்றிலேனும் பெயர் இருக்க வேண்டும்; கணக்கெடுக்கும் ஆண்டுப் பட்டியலிலும் இருக்க வேண்டும்.

இதைப் படித்தபோது நமக்கு ஏற்பட்ட சங்கடத்தை மறைப்பதற்கில்லை. நம்மில் எத்தனை பேர் வாக்கை ஊரிலேயே வைத்திருக்கிறோம்! பங்குனி உத்திரத்துக்குப் போவதுபோல் தேர்தலுக்கும் போய்வருகிறோம். ஊர்ப்பாசம், தவறென்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஒருவர் பெயர் இரண்டிடங்களில் இருக்கச் சட்டம் இடந்தராது. ஊர்ப் பட்டியலில் இருப்பவர் இந்நகரத்தின் கவுன்ஸிலர் கணக்கில் இல்லை. குடிபெயர்ந்தவர் பெயரை மாற்றிக்கொள்ள எட்டாம் எண் படிவம்; முதன்முறையாகச் சேர்பவருக்கு ஆறாம் எண் படிவம். வீட்டு வேலைக்கு வரும் நம் சகோதரிகளிடம், "உன் பெயர் எங்கே இருக்கிறது, அம்மா?" என்று கேட்டு, வேண்டுமானால் படிவத்தை எழுதிக் கொடுப்பது படித்தவர் வீடுகளில் ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை. காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருப்பவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். அதைக் கேலி செய்தவர்களில் நாமும் ஒருவர். இப்பொழுது செய்வதில்லை.

தெருமுனைக் கற்பலகையைப் பற்றிக் கேட்பீர்கள். கயிற்றுக் கணக்கோடு உரிய இடத்தில் இரண்டாம் விண்ணப்பம் கொடுத்தோம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கினோம். பதினொன்றாம் நாள் புதுப் பலகை வந்தது. பழைய பலகையின் உடைந்த பாதி மட்டும் இன்னும் நடைபாதையில் கிடக்கிறது. அதை அகற்றுவது யார் பொறுப்பு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.